சரணத்தில் குரல் உடைகிறது: கரோக்கி பாடுகிறவர்கள் எப்படிப் பழக வேண்டும்?

#1 மாலைப்பாடகன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, ஆண். முறையாகப் பாட்டுக் கற்றதில்லை. மாதம் இரண்டு முறை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடி கரோக்கி பாடுகிறோம். வாரம் முழுக்க நான் காத்திருப்பது அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான்.

பல்லவி எனக்கு நன்றாகவே வரும். சரணம் மேலே ஏறத் தொடங்கியதும் கழுத்து நரம்பு புடைக்கிறது, தாடை இறுகுகிறது, உச்சிக்குப் போனதும் குரல் கிழிந்து வெறும் காற்றாகிவிடுகிறது. நான் மிகவும் நேசிக்கும் ஒரு பாட்டில் ‘நீ’ என்ற ஓரெழுத்தை நான்கு அட்சரத்துக்கு, அதாவது நான்கு தாள எண்ணிக்கைக்கு, இழுக்க வேண்டும். இதுவரை ஒருமுறைகூட அந்த இடம் முழுதாக வந்ததில்லை. போன தடவை விடாப்பிடியாக மூன்று முறை பாடிப் பார்த்தேன். அடுத்த இரண்டு நாள் பேச்சே கரகரவென்று இருந்தது.

ஆறு வாரம் கழித்து எல்லோரும் சேரும் பெரிய கூடல் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பாட்டைப் பாட வேண்டும். தொண்டைக்குப் பலம் கூட்ட என்ன பயிற்சி செய்யலாம்? தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும்.

#2 ஒலிமேசை

சார், பதினஞ்சு வருஷமா மிக்சர் முன்னாடி உக்காந்திருக்கேன். பாடத் தெரியாது, ஆனா பாடுறவங்க எங்க விழுறாங்கன்னு நல்லாத் தெரியும். பலத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஒரிஜினல் ஸ்கேல்லயேவா பாடுறீங்க? ட்ராக்ல ஸ்கேலை ஏத்தி இறக்குற பட்டனைத் தொட்டதுண்டா?

இன்னொண்ணு. சத்தமான இடத்துல மனுஷன் தன்னை அறியாமலே குரலை உயர்த்திடுவான். 1911லயே லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னார், அவர் பேர்லயே லொம்பார்ட் விளைவுன்னு சொல்றாங்க. கரோக்கி ரூம்ல நடக்குறது அச்சு அசலா அதேதான். மியூசிக் பெருசா வெச்சிருப்பாங்க, உங்க குரல் உங்க காதுக்கு வராது, உடனே கத்துவீங்க. நீங்க பலம் பத்தலைன்னு நினைக்கிற இடத்துல உண்மையில காதுதான் பத்தலை. அடுத்த தடவை ட்ராக் சத்தத்தை நல்லா இறக்கி, உங்க குரல் மியூசிக்குக்கு மேல தெளிவா கேக்குற அளவுக்கு வெச்சுப் பாடிப் பாருங்க. கழுத்து நரம்பு பாதி அடங்கிடும்.

#3 அகாரம்

மாலைப்பாடகன் தம்பி, நான் பாட்டு வாத்தியார். ஒலிமேசை தம்பி கேட்ட கேள்விதான் முதல் கேள்வி. என்னிடம் வரும் பெரியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பாட்டைத் தங்கள் குரலுக்குக் கொண்டுவருவதில்லை, தங்கள் குரலைப் பாட்டுக்கு இழுத்துப் போகிறார்கள். திரைப்பாடல் ஒரு குறிப்பிட்ட பாடகருடைய குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அது உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் உடம்பில் குறை என்று அர்த்தமில்லை.

உங்கள் அளவை எடுங்கள். கைபேசியில் ஒரு கீபோர்டு செயலி இறக்கிக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ‘சி’ தான் நாம் சொல்லும் ஒன்றாம் கட்டை. வெள்ளைக் கட்டைகள் வரிசையாக ஒன்று முதல் ஏழு. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது, ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. ஒன்றிலிருந்து அடுத்த ஒன்று வரை ஒரு ஸ்தாயி. ஆக ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்தானம். கரோக்கி செயலியில் -1 என்று தட்டினால் ஒரு ஸ்தானம் இறங்குகிறது என்று பொருள்.

காலை எழுந்தவுடன் வேண்டாம், பேசிப் பழகிய பிறகு மாலையில் செய்யுங்கள். ‘ஆ’ என்று சாதாரணமாகப் பேசும் அளவு சத்தத்தில் ஒவ்வொரு கட்டையாக மேலே போங்கள். தாடையோ கழுத்தோ உதவிக்கு வர ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எட்டிப் பிடிக்க முடிகிற இடம் கணக்கில் சேராது, வசதியாக நிற்க முடிகிற இடம்தான் கணக்கு. அதேபோல் கீழேயும். பிறகு அந்தப் பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் மிக உயர்ந்த ஸ்வரத்தையும் கீபோர்டில் தடவிக் கண்டுபிடித்து இங்கே எழுதுங்கள். உச்சியைப் பல்லவியில் தேடாதீர்கள், சரணத்தில் தேடுங்கள். பாட்டை எடுப்பது பல்லவியின் அழகைப் பார்த்து, மாட்டிக்கொள்வது சரணத்தில். எல்லோருக்கும் இதே கதைதான்.

#4 மாலைப்பாடகன்

நன்றி அம்மா. நேற்று இரவு உட்கார்ந்து எடுத்தேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

என் குரல்: கீழே, நடு சி-யிலிருந்து ஒரு ஸ்தாயி இறங்கி அதற்கும் கீழே இருக்கும் ஆறாம் கட்டை. மேலே, நடு சி-க்கு மேல் மூன்றாம் கட்டை. நாலாம் கட்டையில் சில சமயம் நிற்கிறது, சில சமயம் உடைகிறது. ஐந்தில் கத்தல்தான்.

பாட்டு: தாழ்ந்த இடம், நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஒன்றிலிருந்து எண்ணினால் இரண்டாம் கட்டை. உயர்ந்த இடம், நடு சி-க்கு மேல் ஆறாம் கட்டை. அந்த ‘நீ’ அங்கேதான் இருக்கிறது. ஒலிமேசை சார், இதுவரை அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. இறக்கிப் பாடினால் ஏமாற்று வேலை என்று நினைத்திருந்தேன்.

#5 அகாரம்

கணக்குப் பார்ப்போம். மூன்றாம் கட்டையில் வசதியாக நிற்கிறீர்கள், பாட்டு ஆறில் நிற்கச் சொல்கிறது. ஆறிலிருந்து மூன்றுக்கு ஐந்து ஸ்தானம். இத்தனை நாள் ஐந்து படி உயரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். கரகரப்பு வராமல் என்ன செய்யும்?

அதற்காக -5 போட்டுவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் குரலின் நீளம் பத்தொன்பது ஸ்தானம், இந்தப் பாட்டின் நீளமும் பத்தொன்பது. ஐந்து இறக்கினால் மேல் நுனியும் கீழ் நுனியும் சரியாக முட்டும். பல்லவியின் எடுப்பு உங்கள் குரலின் அடியில் போய் ஒலியில்லாமல் அமுங்கும். நீங்கள் நன்றாகப் பாடும் பல்லவியையே இழந்துவிடுவீர்கள். அதனால் -4 வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ‘நீ’ நாலாம் கட்டையில் விழும், உங்களுக்குப் பாதி கைவசமான இடம். இந்த ஆறு வாரமும் அந்த ஒரே ஒரு ஸ்தானத்துக்காக உழைப்போம்.

ஏமாற்று வேலை என்றீர்களே. கச்சேரி செய்கிற வித்வான்கள் ஒவ்வொருவரும் தங்கள் கட்டையில்தான் பாடுகிறார்கள். ஒருவர் ஒன்றில், ஒருவர் ஒன்றரையில், பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரையில். ஒரே கீர்த்தனைதான். யாரும் யாரையும் ஏமாற்றியதாகச் சொல்லிக் கேட்டதில்லை.

#6 புதுக்குரல்

அக்கா, அண்ணன்மாரே, இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்கு 24 வயது. சின்ன வயதில் பாட்டுக் குழுவிலிருந்து ‘இவளுக்குச் சுதியே சேராது’ என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் முன்னாலும் பாடியதில்லை. இப்போது தோழிகள் எல்லோரும் கரோக்கி போகிறார்கள், நான் கை தட்டிவிட்டு வருகிறேன். எனக்குப் பாட ரொம்ப ஆசை. சுதி சேராதவர்கள் பழகினால் சேருமா, அல்லது அது பிறவியிலேயே வருவதா? இன்னொரு கேள்வி, எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் ஆண்குரல் பாட்டு. அப்படியே பாடினால் அடியில் புதைகிறது, ஒரு ஸ்தாயி ஏற்றினால் எட்டவே இல்லை.

#7 மேடைக்குரல்

தங்கச்சி, உன் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். இருபது வருஷம் மெல்லிசைக் குழுவில் பாடியவன்.

ஸ்வர வித்தியாசமே காதுக்குத் தெரியாம பிறக்கிறவங்க இருக்காங்க, ஆனா நூத்துல ஓரிருவர்தான், எப்படிக் கூட்டினாலும் நாலு பேரைத் தாண்டாது. அவங்களுக்குப் பழகின பாட்டுகூட வார்த்தை இல்லாம மெட்டை மட்டும் வாசிச்சா அடையாளம் தெரியாது. உனக்கு ஒரு பாட்டோட முன்னிசையைக் கேட்டவுடனே என்ன பாட்டுன்னு தெரியுதா? யாராவது சுதி விட்டுப் பாடினா முகம் சுளிக்கிறியா? அப்படின்னா உன் காது நல்லாத்தான் இருக்கு. காது கேக்குற இடத்துல தொண்டையைக் கொண்டுபோய் நிறுத்துற பழக்கம்தான் இன்னும் வரல. அது கைவேலை மாதிரி, செஞ்சு செஞ்சுதான் வரும். குழந்தைகிட்ட அந்த வார்த்தையைச் சொன்னவங்க செஞ்சது பெரிய தப்பு. அதை நீ இத்தனை வருஷம் சுமந்திருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு காதுல மட்டும் வயர் இயர்போன் மாட்டி அதுல ட்ராக்கை ஓட விடு. இன்னொரு போன்ல உன் குரலை ரெக்கார்ட் பண்ணு. மியூசிக் வெளியே வராது, அதனால போன்ல வெறும் உன் குரல் மட்டும் பதிவாகும். முதல் தடவை கேக்கும்போது ‘இது என் குரலே இல்ல’ன்னு தோணும். எல்லாருக்கும் அப்படித்தான். நாம பேசும்போது நம்ம குரல் காத்து வழியா மட்டுமில்லாம மண்டையோட்டு எலும்பு வழியாவும் உள்காதுக்குப் போகுது, அதனால நமக்கு எப்பவும் கனமாக் கேக்கும். ரெக்கார்டிங்ல அந்தக் கனம் இருக்காது. மூணாவது நாள் பழகிடும். அப்புறம் அந்தப் பதிவைக் கேட்டு எந்த வார்த்தையில இறங்குதுன்னு மட்டும் பேப்பர்ல கோடு போடு. பாட்டு முழுக்கத் தப்புன்னு நினைச்சிருப்பே, கோடு போட்டுப் பாத்தா நாலஞ்சு இடம்தான் இருக்கும். பெரும்பாலும் வரியோட கடைசிச் சொல். மூச்சு தீர்ந்து இறங்கியிருக்கும்.

ப்ளூடூத் இயர்போன் வேணாம், ஒலி கொஞ்சம் தாமதமா வரும். நொடியில பத்துல ஒரு பங்கு தாமதமானாலே தாளம் தவறும், நீ உன்னைக் குறை சொல்லிக்குவே.

ஆண் பாட்டுக்கு: ஒரு ஸ்தாயி முழுசா ஏத்தாதே. ட்ராக்கை +3லேருந்து +5 வரைக்கும் ஏத்திப் பாரு. பெரும்பாலான பொண்ணுங்களுக்கு அங்க எங்கேயாவது உக்காரும். டூயட்னா மட்டும் கூடப் பாடுறவரையும் கேட்டு முடிவு பண்ணணும். ஒருத்தருக்கு இறக்கினா இன்னொருத்தர் பாதாளத்துல போயிடுவாங்க.

#8 அகாரம்

மேடைக்குரல் தம்பி சொன்ன பதிவுப் பயிற்சி அருமை, நானும் என் மாணவர்களுக்குச் சொல்லப்போகிறேன். ஆனால் சுதி சேர வேண்டும் என்றால் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுவது போதாது, புதுக்குரல். தம்பூரா செயலி ஒன்று போட்டுக்கொண்டு தினமும் சரளி வரிசை பாடு, ஸ்வரங்களில் வரிசையாக ஏறி இறங்கும் முதல் பாடம் அது. மாயாமாளவகௌளை ராகத்தில் மெதுவாக, ஒரே வேகத்தில். எந்த ஸ்வரத்தில் நிற்கிறோம் என்ற அறிவு அதில்தான் வரும்.

#9 மேடைக்குரல்

அம்மா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இதுல ஒத்துக்க முடியல. மாயாமாளவகௌளையில ச-வுக்கும் ரி-க்கும் நடுவுல ஒரே ஸ்தானம். ஏற்கெனவே சுதி பயம் இருக்கிற பொண்ணுக்கு அந்தச் சின்ன இடைவெளியை முதல் நாளே கொடுத்தா, ஒவ்வொரு ரி-யும் தப்பா வரும், மறுபடி ‘எனக்குச் சுதி சேராது’ன்னு உக்காந்துடும். பிடிச்ச பாட்டுல ஒரு வரியை எடுத்து, அதை மட்டும் பத்து நாள் பாடட்டும்.

#10 அகாரம்

நியாயமான பேச்சு, யோசித்தேன். வகுப்பில் நான் பக்கத்தில் இருந்து திருத்துகிறேன், இங்கே இவள் தனியாகச் செய்யப்போகிறாள். அப்படியானால் முதல் இரண்டு வாரம் வரிசையே வேண்டாம். தம்பூராவோடு ச மட்டும் பிடி. ‘ஆ’ என்று ஒரு மூச்சு முழுக்க. தம்பூராவில் உன் குரல் கரைந்து, இரண்டில் எது உன்னுடையது என்று பிரிக்க முடியாமல் போகும் ஒரு கணம் வரும். அதுவரை அங்கேயே நில். அந்தச் சேர்க்கையை உடம்பு ஒருமுறை உணர்ந்துவிட்டால் மறக்காது. பிறகு ப. பிறகு ச-விலிருந்து ப-வுக்கு வழுக்கிக்கொண்டு போய் வா. வரிசையை நான் விட்டுக்கொடுக்கவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறேன்.

#11 குரல்நலம்

பேச்சு, குரல் சிகிச்சை என் தொழில். மாலைப்பாடகன் முதல் பதிவில் எழுதிய ‘இரண்டு நாள் கரகரப்பு’ என்ற வரிக்காகத்தான் எழுத வந்தேன். அதைச் சாதாரணமாக விடாதீர்கள். குரல்நாண்கள் இரண்டு மெல்லிய சதை மடிப்புகள். ஆண்கள் பேசும்போதே நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன, பெண்களுக்கு ஏறத்தாழ இருநூறு. ஏறிப் பாடினால் இதெல்லாம் இரட்டிப்புக்கும் மேல். கத்தும்போது மோதல் கடுமையாகி வீங்குகின்றன. அந்த வீக்கம்தான் கரகரப்பு. வீங்கியிருக்கும்போது மறுபடி பாடினால் காய்ப்பு விழும் வாய்ப்பு உண்டு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், எந்தக் கை வைத்தியத்தையும் நம்பி உட்கார வேண்டாம்.

குரல் போன அன்று கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு ஆகாது. பலருக்கு அதிலும் தொண்டை இறுகும். ஒன்று மெல்லிய குரலில் பேசுங்கள், அல்லது பேசாதீர்கள். அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் அதே மோதல்தான். செருமத் தோன்றும்போது ஒரு மிடறு நீர் விழுங்குங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. குடிக்கும் நீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாய் வழியே போகிறது, நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். நீர் அங்கே போனால் புரையேறும். ஆகையால் மேடையேறும் முன் மடமடவென்று ஒரு லிட்டர் குடித்துப் பயனில்லை. அன்று காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வந்தால் உடம்பு வழியாக அந்தச் சவ்வுக்கு ஈரம் போய்ச் சேரும். ஆவி பிடித்தால் மட்டும் ஈரம் நேராக அங்கே சேரும். மரத்துப்போக வைக்கும் மாத்திரைகளைச் சப்பிக்கொண்டு பாடாதீர்கள். வலி என்பது நிறுத்தச் சொல்லும் குரல், அதை அணைத்துவிட்டுப் பாடுவது ஆபத்து.

பயிற்சிக்கு: ஒரு மெல்லிய உறிஞ்சு குழல் எடுத்து, உதட்டை நன்றாக மூடி, அதன் வழியே ‘ஊ’ என்று தாழ்விலிருந்து உயரத்துக்கும் திரும்பக் கீழேயும் சறுக்குங்கள். ஒரு தம்ளரில் இரண்டு விரற்கடை நீர் வைத்து, குழலை அதில் விட்டுக் குமிழி வர ஊதிக்கொண்டும் செய்யலாம். வாய் பாதி அடைத்திருப்பதால் உள்ளே உருவாகும் எதிரழுத்தம் நாண்களை மெல்லப் பிரித்துப் பிடிக்கிறது, மோதல் குறைகிறது. நீங்கள் உடைகிறது என்று சொல்லும் நாலாம் கட்டையைக் குழலில் எளிதாகக் கடந்துவிடுவீர்கள். ஐந்து நிமிடம் போதும். குழல் இல்லாத இடத்தில் உதட்டை ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிட்டு அதே சறுக்கல்.

#12 மாலைப்பாடகன்

குரல்நலம், பயமாக இருந்தாலும் சொன்னதற்கு நன்றி. கரகரப்பு முழுதும் போய்விட்டது. குழல் பயிற்சி தொடங்கிவிட்டேன். நீங்கள் சொன்னது உண்மை, குழலில் ஐந்தாம் கட்டைவரை தடங்கலே இல்லாமல் போகிறது. வாயைத் திறந்து ‘ஆ’ என்று பாடினால் நாலில் நிற்கிறது. ஆனால் பாட்டில் ‘நீ’ என்று வரும்போது மட்டும் இன்னும் கிழிகிறது. அதே கட்டை, அதே நான். ஏன்?

#13 மேடைக்குரல்

இதுதான் சுவாரசியமான இடம். அது உயிரெழுத்தோட வேலை. ‘ஈ’ சொல்லும்போது நாக்கு மேலண்ணத்துக்கிட்ட எழும்பும், தாடை மூடும், உதடு ரெண்டு பக்கமும் இழுக்கும். வாய்க்குள்ள இடமே இருக்காது. பேச்சுல பரவாயில்ல, உயரத்துல அந்தச் சந்துக்குள்ள குரலை அடைச்சா பிதுங்கும். மேடையில நாங்க செய்யுறது: உதட்டைப் பக்கவாட்டுல இழுக்காம, தாடையை ஒரு விரல் அகலம் கூட இறக்கி, ‘நீ’யை ‘நெ’ பக்கம் ஒரு சாயல் சாய்ச்சுப் பாடுவோம். கேக்குறவங்க காதுக்கு ‘நீ’ன்னுதான் விழும், முன்ன பின்ன இருக்கிற வார்த்தை அதைச் சொல்லிக் கொடுத்துடும். கண்ணாடி முன்னாடி நின்னு, ரெண்டு கன்னத்துலயும் விரல் வெச்சு மெல்ல உள்ள அழுத்திக்கிட்டு ‘நீ’ பாடுங்க. உதடு அகல முடியாது. வித்தியாசம் அப்பவே தெரியும்.

எழுத்தைப் பத்திப் பேசும்போது இதையும் சொல்லிடுறேன். நம்ம மொழியில சொல் மெய்யில முடியுறது அதிகம். ‘வானம்’, ‘பூக்கள்’, ‘கண்கள்’. புதுசாப் பாடுறவங்க அவசரப்பட்டு ‘ம்’முக்குப் போய் உதட்டை மூடிட்டு, மூடின வாயோட இழுப்பாங்க. குரல் மூக்குல போய்ச் சுருங்கும். ‘வானம்’னா ‘வா’வுல நில்லுங்க, ‘ன’வுல நில்லுங்க, ‘ம்’மைக் கதவைச் சாத்துற மாதிரி கடைசி நொடியில வைங்க. குறிலை இழுக்க வேண்டி வந்தா அதையும் வாய் திறந்தே இழுங்க.

மூச்சு எடுக்குற இடத்தையும் முன்னாடியே குறிச்சுக்கணும். ஸ்க்ரீன்ல வரி உடையுற இடமும் அர்த்தம் உடையுற இடமும் ஒண்ணா இருக்காது. ஸ்க்ரீனை நம்பி மூச்செடுத்தா ‘மலர்க்’னு ஒரு மூச்சு ‘கொடி’ன்னு ஒரு மூச்சு ஆயிடும். பாட்டை ஒரு பேப்பர்ல கையால எழுதி, மூச்சுக்கு ஒரு சின்னக் கோடு போடுங்க. தோளைத் தூக்காம, விலாவும் வயிறும் விரியுற மாதிரி எடுங்க.

#14 ஒலிமேசை

மைக் பிடிக்கிறதையும் சொல்லிடுறேன், பாதி பேர் இங்கதான் நல்ல குரலைக் கெடுக்குறாங்க. தலையில இருக்கிற அந்த வலைப்பந்தைக் கையால பொத்தாதீங்க. பாக்க ஸ்டைலா இருக்கும், ஆனா பின்பக்கச் சத்தத்தைத் தடுக்குற ஓட்டையை அடைச்சுடுறீங்க, உடனே ‘கீ...’னு ஊளையிடும், குரலும் டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி ஆயிடும். குழாய்ப் பகுதியைப் பிடிங்க. உதட்டுக்கும் மைக்குக்கும் ரெண்டு மூணு விரல் இடைவெளி. தாழ்ந்த வரிக்குக் கிட்ட வந்தா அடிக்குரல் தானா கனமாகும், மைக்கோட இயல்பு அது. மாலைப்பாடகன் சார், ரொம்ப இறக்கினா உங்க பல்லவி அமுங்கும்னு அம்மா பயப்பட்டாங்களே, -4லயும் அங்க மைக்கை ஒரு விரல் கிட்டக் கொண்டு வாங்க, காப்பாத்தும். உச்சியில ஒரு சாண் தள்ளிப் பிடிங்க.

எதிரொலியை ஜாஸ்தி வெக்காதீங்க. சுகமா இருக்கும், ஆனா சுதி இறங்குறது உங்க காதுக்கே தெரியாது. வீட்டுப் பயிற்சிக்கு எதிரொலியே வேணாம். ரூம்ல ஸ்பீக்கருக்குப் பின்னாடி நின்னு பாடாதீங்க, மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பவும் கூடாது. ஒண்ணுமே கேக்கலைன்னா ஒரு காதைக் கையால மூடிக்கங்க, உங்க குரல் உள்ளுக்குள்ள கேக்கும்.

முக்கியமா இது. உங்க முறை வர்றதுக்கு முன்னாடி மத்தவங்க பாடும்போது மியூசிக்கை மீறிக் கத்திப் பேசிக்கிட்டு இருக்காதீங்க. ஒரு மணி நேரம் அப்படிப் பேசினா, பாட எழும்போது குரல் ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

#15 புதுக்குரல்

இரண்டு வாரம் ஆயிற்று. ச மட்டும் பிடித்தேன். ஒன்பதாம் நாள் என்று நினைக்கிறேன், அக்கா சொன்ன அந்தக் கணம் வந்தது. தம்பூராவை யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக் கைபேசியைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் குரல் அதற்குள் போய்விட்டிருந்தது. அழுதுவிட்டேன்.

பதிவும் செய்தேன். ஒரு சரணத்தில் ஆறு இடம் கோடு விழுந்தது. ஐந்து இடம் மேடைக்குரல் அண்ணன் சொன்னது போல வரியின் கடைசிச் சொல்.

#16 அகாரம்

கண்ணு, அந்த ஒன்பதாம் நாளை நாட்குறிப்பில் எழுதி வை. இனி சரளி வரிசைக்கு வா. மேடைக்குரல் தம்பியும் இனி மறுப்புச் சொல்ல மாட்டார்.

#17 மேடைக்குரல்

சொல்ல மாட்டேன் அம்மா. ச பிடிச்ச பொண்ணு ரி-யையும் பிடிச்சுடும்.

#18 மாலைப்பாடகன்

நேற்று கூடல் முடிந்தது. வந்ததும் தூங்காமல் எழுதுகிறேன்.

மாலையில் குழலில் பத்து நிமிடம். அங்கே போனதும் யாருடனும் அதிகம் பேசவில்லை. முதலில் தாழ்வான எளிய பாட்டு ஒன்று, மூன்றாவதாகத்தான் இந்தப் பாட்டு. -4 வைத்தேன். ஒரு நண்பர் ‘ஏன் இறக்கினாய்’ என்று கேட்டார், ‘என் கட்டை இதுதான்’ என்றேன். ட்ராக் சத்தத்தையும் குறைக்கச் சொன்னேன். பல்லவிக்கு மைக்கைக் கிட்ட வைத்தேன், அறை அமைதியாகிவிட்டது.

சரணத்தில் ‘நீ’ வந்தபோது தாடையை இறக்கினேன். நான்கு அட்சரமும் நின்றது. உடையவில்லை. கழுத்து சும்மா இருந்தது. இத்தனை வருடமாக அந்த ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், நேற்றுத்தான் அதைப் பாடினேன். இன்று காலை குரல் தெளிவாகவே இருக்கிறது.

ஒரு குறை மட்டும். இடையிசை முடிந்து இரண்டாம் சரணத்துக்குள் நுழையும்போது சுதி தவறி எடுத்துவிட்டேன், இரண்டு சொல் கழித்துத்தான் சேர்ந்தது. இடையிசை நீளமானது, வயலின்கள் எங்கெங்கோ போய்விட்டு வருகின்றன. என் முதல் ஸ்வரத்தை எங்கே பிடிப்பது?

#19 அகாரம்

தம்பி, படிக்கப் படிக்க மனம் நிறைந்தது.

உங்கள் கேள்விக்கு: வயலின்கள் பின்னால் போகாதீர்கள். இடையிசை முழுவதும் பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். பெரும்பாலான பாட்டுகளில் சரணத்துக்கு முந்தின அட்சரங்களில் அது ச-வுக்கோ ப-வுக்கோ திரும்பி வந்து உங்களுக்கு வாசலைக் காட்டும். இடையிசை எத்தனை ஆவர்த்தனம், அதாவது எத்தனை தாளச் சுற்று, என்று வீட்டில் கையால் தாளம் போட்டு எண்ணி, அந்த மூச்சுக்கோடு போட்ட காகிதத்திலேயே எண்ணை எழுதிவிடுங்கள். கடைசி ஆவர்த்தனத்தில் உதட்டை மூடி உங்கள் முதல் ஸ்வரத்தை ‘ம்’ என்று உங்களுக்கு மட்டும் கேட்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மைக்கைக் கீழே இறக்கிவிட்டுச் செய்யுங்கள். மூச்செடுத்து வாயைத் திறக்கும்போது அது ஏற்கெனவே அங்கே இருக்கும்.

#20 புதுக்குரல்

அண்ணா, வாழ்த்துகள்! வரும் சனிக்கிழமை நானும் போகிறேன். +4ல் ஒரே ஒரு பாட்டு. மூச்சுக்கோடெல்லாம் போட்டாகிவிட்டது, இடையிசை எட்டு ஆவர்த்தனம்.